வாக்குச் சீட்டும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை வாசித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நிலத்தின் பரப்பையும் நான்கு எல்லைகளையும் சொல்லி, அந்நிலத்தைச் சேர்ந்த வான்பயிர் தான்பயிர்களையும் சொல்லி, அவற்றோடு கிணற்றுப் பங்கும், நீர்முறையும், வழியும், வாய்க்காலும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு தோட்டக் கிணற்றுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். இன்ன நாளில் இன்ன பொழுது இன்னார் இறைப்பது என்ற முறை இருக்கும். துலா மிதித்த காலம் போய் நீர் இறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் அந்த முறை போய்விடவில்லை. கிணறு தூர்ந்தால் பங்காளிகள் யாவரும் கூடிச் சேறு வாருவார்கள். ஒருவன் கிணற்றடியிலே ஆகாத காரியம் ஒன்றைச் செய்தால் மற்றவன் ஏன் என்று கேட்பான். கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு. கேளாதிருந்தாலோ, பாழாகும் நீரிற் பாதி அவனுடையது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், குடியாட்சியிலே குடிமக்களுக்கு உள்ள பங்கு என்பது. சிறப்பாக, நாம் குடிக்கும் நீரையும், உழும் நிலத்தையும், உள்வாங்கும் காற்றையும் காப்பதில் அந்தப் பங்கு யாது என்பது. கிணற்றுக் கதையோடு நான் தொடங்கியதற்குக் காரணம், பங்கு என்ற சொல்லின் முழுப்பொருளையும் அந்தக் கிணற்றடியிலே காணலாம் என்பதே. பங்கு என்றால் உரிமை. பங்கு என்றால் கடமையுமாகும். கிணற்றிலே பங்குண்டு, ஆனால் சேறு வார வரமாட்டேன் என்று சொல்பவனை ஊர் பங்காளி என்று மதிப்பதில்லை.

இலங்கையர் யாவருக்கும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, வாக்குரிமை கிடைத்தது 1931 ஆம் ஆண்டிலே. ஆசிய நாடுகளுள் இந்த உரிமையை முதன்முதற் பெற்றவர்களுள் நாமும் ஒருவர் என்று பெருமை கொள்கிறோம். பெருமை நியாயமானதே. ஆயினும் அந்த உரிமையை நாம் எவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கிறோம்? தேர்தல் வருகிறது. கூட்டம் நடக்கிறது. விரலிலே மை பூசிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அத்துடன் நம்முடைய வேலை முடிந்தது, இனி எல்லாம் தெரிவானவர் பாடு என்று இருந்துவிடுகிறோம். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1,825 நாட்கள் உண்டு. அவற்றுள் ஒருநாளோ, இருநாளோ, மூன்று நாளோ நாம் குடிமக்களாக இருக்கிறோம். எஞ்சிய நாட்களில் வெறுங் குடியிருப்பாளராக இருக்கிறோம். தொழிற்சாலைக்கு அனுமதி வழங்கப்படுவதும், கழிவு எங்கே செல்லும் என்று தீர்மானிக்கப்படுவதும், மணல் அகழ உத்தரவு பிறப்பதும் அந்த எஞ்சிய நாட்களிலே தான்.

முற்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பங்குக் கிணறுகள் இருந்த அதே ஊரில், கிணற்றுக் கட்டை அணுகவே அனுமதி பெறாத மக்களும் இருந்தார்கள். தாகத்தோடு குடத்தை வைத்துக்கொண்டு, யாராவது அள்ளி ஊற்றமாட்டார்களா என்று அவர்கள் காத்துநின்ற காட்சியைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, பழைய கிணற்றடியிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு. பங்காளிகள் கூடிக் காத்த நீர் கெடவில்லை என்பது ஒன்று. பங்காளி யார் என்பதைச் சிலர் மாத்திரம் தீர்மானித்தால் அது குடியாட்சி ஆகாது என்பது மற்றொன்று.

இனி, நீரின் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே கொண்டுவரும் மழையே நமக்கு ஆறு. அந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாகவும் குகைகளினூடாகவும் கீழிறங்கித் தங்குகிறது. நிலத்தின் கீழே கடல்நீர் உண்டு. அந்த உவர்நீரின் மேலே நன்னீர் ஒரு வில்லை வடிவில் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாதலின் மேலே நிற்கிறது. மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். வலிகாமத்தின் கீழே உள்ள நீர்ப்படுகையைச் சுன்னாகம் நீர்ப்படுகை என்று அறிஞர் அழைப்பர். குடாநாட்டின் முக்கியமான நிலத்தடி நீர்த்தேக்கங்கள் நான்கினுள் அதுவும் ஒன்று.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழையை விரைவாக உள்ளே விடுவது போலவே மற்றெதனையும் விரைவாக உள்ளே விட்டுவிடும். மணல் ஓரளவு வடிகட்டும். வெடிப்பும் குகையும் வடிகட்டமாட்டா. ஒரு வளவிலே நிலத்தில் ஊற்றப்பட்டது அந்த வளவிலே நிற்கும் என்பதற்கு ஓர் உறுதியுமில்லை. மேலே வேலி உண்டு. கீழே வேலியில்லை. எனவே, குடாநாட்டிலே தனிக்கிணறு என்று ஒன்று உண்மையில் இல்லை. உறுதியில் எழுதப்பட்டாலும் எழுதப்படாவிட்டாலும் ஒவ்வொரு கிணறும் பங்குக் கிணறே.

இதனைச் சுன்னாகத்து மக்கள் பெருந்துன்பப்பட்டு அறிந்துகொண்டார்கள். போர்க்காலத்திலே தேசிய மின் இணைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டிருந்தது. எண்ணெயை எரித்து மின்சாரம் பெறும் நிலையங்களே யாழ்ப்பாணத்துக்கு ஒளி தந்தன. சுன்னாகத்திலே மின்சார சபையின் பழைய நிலையம் இருந்த சூழலில், தனியார் நிறுவனம் ஒன்றும் அனல் மின் நிலையம் ஒன்றை இயக்கியது. மின்சாரம் வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. மருத்துவமனைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், படிக்கும் பிள்ளைக்கும் வெளிச்சம் வேண்டும். அதனை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை.

ஆனால், 2010 ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகளிலே அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் நாற்றம் எழுந்தது. நீரின் மேலே படலம் மிதந்தது. இதனை முதலிற் கண்டவர்கள் யார்? அதிகாலையிலே நீர் அள்ளச் சென்ற பெண்கள். பானையிலே ஒட்டிய பிசுக்கை அவர்கள் கண்டார்கள். பிள்ளை குளிக்க மறுத்ததை அவர்கள் கண்டார்கள். பின்னர் நீர் பரிசோதிக்கப்பட்டபோது, பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாக அறியப்பட்டது. வீட்டு முற்றத்திலே கிணறு இருக்க, பவுசரிலே வரும் தண்ணீருக்கு வீதியோரம் வாளிகளை வரிசையாக வைத்துக் காத்திருக்கும் நிலை அந்த ஊர்களுக்கு வந்தது. கிணற்றுநீர் வளத்துக்குப் பெயர்பெற்ற வலிகாமத்துக்கு அது எத்தகைய துயரம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மக்கள் முறையிட்டார்கள். அலுவலகங்களுக்கு எழுதினார்கள். வீதியிலும் இறங்கினார்கள். 2015 ஜனவரியிலே மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி அந்தத் தனியார் நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனு ஒன்றும் தாக்கல் செய்யப்பட்டது. அந்த மனுவைத் தாக்கல் செய்தவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் சுன்னாகத்திலே கிணறு உடையவர் அல்லர். சுற்றாடலைப் பற்றி ஆராயும் அமைப்பு ஒன்றின் தலைவர். பெயராலே சிங்களவர். பொதுநலன் கருதி வழக்காட வந்த அவரை, உமக்கு இதில் என்ன பாத்தியம் என்று மன்று திருப்பி அனுப்பவில்லை. நிலத்தின் கீழே வேலியில்லை என்று சொன்னேன். நல்ல குடிமகனுடைய அக்கறைக்கும் வேலியில்லை என்பதற்கு இது சான்று.

2019 ஏப்ரல் 4 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றும், மக்கள் அடைந்த நட்டத்தின் ஒரு பகுதிக்கேனும் ஈடாக 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் மன்று கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்திலே மீண்டும் உறுதி பெற்றது. நம்முடைய வரலாற்றிலே நினைவிற் கொள்ளத்தக்க தீர்ப்பு அது.

ஆயினும், நேயர்களே, கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீதிமன்றக் கதவைத் தட்டியது 2015. தீர்ப்பு வந்தது 2019. நான்கு ஆண்டுகள். அதற்கு முன்னர் நீர் கெட்டுக்கொண்டிருந்த காலம் வேறு. பணத்தை எண்ணிக் கொடுக்கலாம். பாறையினுள்ளே இறங்கிய எண்ணெயை எண்ணி எடுக்க முடியாது. நீதி கிடைத்தது. நீர் உடனே கிடைக்கவில்லை. வந்தபின் போராடுவதற்கும் வருமுன் காப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வருமுன் காத்த ஊர் ஒன்றும் இந்நாட்டிலே உண்டு. அது அனுராதபுர மாவட்டத்திலே உள்ள எப்பாவல. அங்கே 1971 ஆம் ஆண்டிலே பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. பயிருக்கு உரமாகும் கனிப்பொருள் அது. பின்னர் 1990களிலே, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து அதனைப் பேரளவில் முப்பது ஆண்டுகளுக்குள் அகழ்ந்தெடுக்கும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அத்திட்டம் நிறைவேறினால் ஏறத்தாழ 2,600 குடும்பங்கள், 12,000 பேர், வீடு வாசலை விட்டு நீங்க நேரும் என்று அஞ்சப்பட்டது. அந்தப் பகுதியினூடாகவே ஜயகங்கை என்னும் பழைய வாய்க்கால் ஓடுகிறது. ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் காலத்தில் வெட்டப்பட்டது. காலவெவவிலிருந்து அனுராதபுரத்துத் திசாவெவவுக்கு 54 மைல் தூரம் நீரைக் கொண்டுசெல்வது. முதல் 17 மைல் தூரத்துக்கு மைலொன்றுக்கு 6 அங்குலம் மட்டுமே சரிவு வைத்து வெட்டப்பட்டது என்று பொறியியலாளர் வியப்பர். அகழ்வு நடந்தால் அந்த வாய்க்காலுக்கும், அது நீரூட்டும் வயல்களுக்கும் கேடு வரும்.

ஊரவர் ஏழு பேர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். பெருஞ் செல்வர் அல்லர். நெல் விளைவிப்போர், தென்னங்காணி உடையோர், பால்மாடு வளர்ப்பவர், விகாரையின் தலைமைப் பிக்கு, இத்தகையோர். அப்போது ஒப்பந்தம் கைச்சாத்திடப்படவில்லை. தீங்கு நேரவுமில்லை. நேரவிருந்த தீங்கைக் காட்டியே அவர்கள் வழக்காடினார்கள். 2000 ஜூன் 2 ஆம் நாள் தீர்ப்பு அளிக்கப்பட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் அமரசிங்க. முழுமையான ஆய்வு நடத்தப்பட்டு அதன் முடிவு வெளியிடப்படும் வரையிலும், சுற்றாடற் சட்டம் கூறும் வழியிலே அனுமதி பெறப்படும் வரையிலும் ஒப்பந்தம் செய்யலாகாது என்று மன்று தடுத்தது.

அந்தத் தீர்ப்பிலே நம் யாவருக்கும் உரிய ஒரு கருத்து உண்டு. நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் உடைமையாளன் போன்று நடந்துகொள்ள முடியாது. மக்களுக்காக அதனைக் காத்துநிற்கும் நம்பிக்கைப் பொறுப்பு அதற்கு உண்டு. இக்கருத்தை மன்று மேலைநாட்டு நூல்களிலே மட்டும் தேடவில்லை. மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குக் கூறியதாக வரலாறு சொல்லும் அறிவுரையையும் நினைவூட்டியது. மன்னன் நிலத்துக்குக் காவலனே அன்றி உரியவன் அல்லன் என்பது அதன் சாரம். காவலன் உறங்கினால் எழுப்ப வேண்டியவர் யார்? உடைமைக்கு உரியவர்களே. அவர்கள் நாமே.

எழுப்புவதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். 1992 ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் உலக நாடுகள் கூடிச் செய்த பிரகடனம் மூன்று வாயில்களைக் குறிப்பிட்டது. அறிதல், தீர்மானத்திற் பங்குபற்றல், நீதி கோரல் என்பன அவை. இந்த மூன்று வாயில்களும் நம்முடைய சட்டத்திலும் உண்டு.

முதலாவது, அறிதல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பொது அதிகார சபை ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். இந்த ஆலைக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, கழிவுநீர் எப்போது பரிசோதிக்கப்பட்டது, பெறுபேறு யாது என்று எந்தக் குடிமகனும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அலுவலர் அதனை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

இரண்டாவது, பங்குபற்றல். 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் அதற்கு 1988 ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட திருத்தமும், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று விதிக்கின்றன. அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாக வர்த்தமானியிலும், மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளிவரும். அன்றுதொட்டு 30 நாட்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். அவற்றுக்குத் திட்டத்தை முன்வைத்தவர் பதிலிறுக்க வேண்டும்.

முப்பது நாட்கள். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையின் ஒரு மூலையிலே சிறிய எழுத்திலே அந்த அறிவித்தல் வரும். மரண அறிவித்தல்களை ஒன்றுவிடாமல் வாசிக்கிறோம். இதனைப் புரட்டிவிடுகிறோம். அறிக்கையோ பல நூறு பக்கம் கொண்டதாகவும், பொறியியற் சொற்களால் நிறைந்ததாகவும் இருக்கும். அதனை வாசிக்கப் படித்தவர் ஒருவரேனும் ஊருக்கு வேண்டும். ஆசிரியர் ஒருவர் வாசிக்கட்டும். ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் எழுதட்டும். ஆனால், அதற்குரிய பொருளைத் தரவேண்டியவன் கமக்காரன். மாரி வெள்ளம் எந்த ஒழுங்கையால் இறங்கி எந்தக் குளத்திலே விழும் என்பது தொலைவிலிருந்து வந்த பொறியியலாளருக்குத் தெரியாது. அந்த மண்ணிலே கால் நனைத்தவனுக்குத் தெரியும். எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பது வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். இவர்கள் பேசாவிட்டால், அறிக்கை எத்துணைப் பக்கம் கொண்டதாயினும் குறையுடையதே.

மூன்றாவது, நீதி கோரல். அயலவருக்குத் தொல்லையும் தீங்கும் தரும் செயலைப் பொதுத்தொல்லை என்று சட்டம் சொல்லும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்படி, அதனை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். அரசின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்லலாம். அதற்கு அரசியலமைப்பு தரும் கால எல்லை ஒரு மாதம். காலம் கடத்துவது உரிமையை இழப்பதாகும்.

இவற்றைக் கேட்டு, இவை முன்னேற்றத்துக்குத் தடைகள் அல்லவா என்று வினவுவோர் உளர். தொழில் வேண்டும், மின்சாரம் வேண்டும், வீதி வேண்டும், எதற்கெடுத்தாலும் எதிர்த்துக்கொண்டிருந்தால் நாடு எப்படி உயரும் என்பார்கள். இந்த வினாவை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. பங்குபற்றல் என்பது எதிர்த்தல் அன்று. சுன்னாகத்திலே, கழிவெண்ணெய் எங்கே போகிறது என்ற ஒரு வினாவுக்குத் தொடக்கத்திலேயே ஒழுங்கான விடை கோரப்பட்டு, ஒழுங்கான விடை தரப்பட்டிருக்குமானால், மின்சாரமும் இருந்திருக்கும், நீரும் இருந்திருக்கும். கேள்விக்கு அஞ்சும் திட்டமே நாட்டுக்கு நட்டம் விளைவிப்பது.

மற்றொரு பக்கமும் உண்டு. கூட்டமாய் நின்று கூச்சலிடுவதெல்லாம் குடியாட்சி ஆகிவிடாது. வதந்திக்குக் கால்கள் அதிகம். சுன்னாகத்திலும், இது யாருடைய எண்ணெய், புதிய நிலையத்ததா பழைய நிலையத்ததா, எவ்வளவு தூரம் பரவியது என்ற வினாக்கள் எழுந்தன. அவற்றைத் தீர்க்க உதவியது கோபம் அன்று, பரிசோதனைப் பெறுபேறு. ஆகவே குறிப்பேடு ஒன்று வையுங்கள். எந்த நாளில் நாற்றம் எழுந்தது, யாரிடம் முறையிட்டீர்கள், என்ன விடை கிடைத்தது என்று திகதியிட்டு எழுதுங்கள். அனுப்பிய கடிதத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பத்துப்பேரின் ஆரவாரத்தை மறுநாள் மறந்துவிடுவார்கள். ஒருவரின் குறிப்பேட்டை நீதிமன்றம் நான்கு ஆண்டுகளின் பின்னும் வாசிக்கும்.

இறுதியாக, நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நிறுவனம் செய்த தீங்கைச் சுட்டிக்காட்டும் கை, நம் வளவையும் ஒருமுறை சுட்டிக்காட்ட வேண்டும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதாக ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிஞ்சினால், புட்டிப்பால் அருந்தும் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், உடல் நீலம் பாரிக்கும். இந்த நைத்திரேற்று எங்கிருந்து வருகிறது? வெங்காயத்துக்கும், புகையிலைக்கும், மரக்கறிக்கும் அளவின்றி நாம் இடும் உரத்திலிருந்து வருகிறது. கிணற்றுக்கு அண்மையிலே நாம் வெட்டிய மலக்குழியிலிருந்து வருகிறது. இதற்கு எந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்போம்? இங்கே வழக்காளியும் நாமே, எதிராளியும் நாமே. அளவறிந்து உரமிடுவதும், குழியைக் கட்டுப்பாட்டோடு அமைப்பதும், கிணற்று நீரைக் காலந்தோறும் பரிசோதிப்பிப்பதும் குடிமகனின் பங்கிலே அடங்கியவை. இயற்கையைக் காத்து அதன் வளங்களைப் பேணுதல் இலங்கையில் வாழும் ஒவ்வொருவருடைய கடமை என்று நம் அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை கூறுகிறது. அரசாங்கத்துக்கு மட்டும் அது சொல்லப்படவில்லை.

நேயர்களே, கிணற்றடியிலே தொடங்கினேன், கிணற்றடியிலே முடிக்கிறேன். நாளைக் காலை நீங்கள் தண்ணீர் அள்ளும்போது, அல்லது குழாயைத் திறக்கும்போது, ஒரு கணம் அந்த நீரை உற்றுப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள். அது தெளிவாக இருந்தால், அந்தத் தெளிவைக் காப்பதற்கு இந்த மாதம் நான் என்ன செய்தேன் என்று உங்களையே கேளுங்கள். தெளிவாக இல்லையென்றால், அடுத்த தேர்தல் வரட்டும் என்று காத்திராதீர்கள். அன்றே உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அயல்வீட்டாரிடமும் அதிலே கையொப்பம் வாங்குங்கள். எந்த அயல்வீடு என்று பார்க்க வேண்டாம். வேலிக்கு மேலே பகை இருக்கலாம். வேலிக்குக் கீழே உங்கள் இருவருக்கும் ஒரே நீர்.

வாக்குச் சீட்டு நம் கையிலே தரப்படுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. கிணற்றுக் கயிறு நம் கையிலே இருப்பது நாள்தோறும். இரண்டையும் ஒரே கருத்தோடு பற்றும் குடிமக்கள் உள்ள நாட்டிலே நீர் கெடாது.